பெர்லின், கிகாலி, ஃபீனிக்ஸ்: மாநாட்டு மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்கள் பேச்சில் ஊர்ப் பெயர்கள் சாதாரணமாக வந்துபோகும். “பெர்லின்படி இது மிதமான ஏ.ஆர்.டி.எஸ்.” என்பார் ஒருவர். “குழந்தைக்கு ஃபீனிக்ஸ் ஸ்கோர் மூன்று” என்பார் இன்னொருவர். நோயின் வரையறைக்கு ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் மாநாடுகள்தான். கடும் நுரையீரல் செயலிழப்பான ஏ.ஆர்.டி.எஸ்.ஸை எப்படி வரையறுப்பது என்று ஐரோப்பியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் கூட்டிய நிபுணர் குழு 2011-இல் பெர்லினில் கூடிப் பேசியது. 2012-இல் அந்த வரையறை வெளியானது. குழந்தைகளின் செப்சிஸுக்கான (நோய்த்தொற்றால் உடலுறுப்புகள் செயலிழக்கும் நிலை) புதிய அளவுகோல் 2024 ஜனவரியில், அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் வெளியானது. அந்த ஆண்டு மாநாடு நடந்த ஊர் ஃபீனிக்ஸ்.

கிகாலி மட்டும் வேறு கதை. அங்கே பெரிய மாநாடு எதுவும் இந்த வரையறைக்காக நடக்கவில்லை. வார்டில்தான் எல்லாம் தொடங்கியது.

பெர்லின் வரையறைப்படி ஒருவருக்கு ஏ.ஆர்.டி.எஸ். என்று சொல்ல மூன்று சாதனங்கள் கையில் இருக்க வேண்டும். தமனி ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் ரத்த வாயுப் பரிசோதனை. மார்பு எக்ஸ்ரே அல்லது சி.டி. மூச்சின் முடிவில் குறைந்தது 5 செ.மீ. நீர் அழுத்தத்தை (பீப் என்பார்கள்) நிலைநிறுத்தும் கருவி. பெரும்பாலும் அது வென்டிலேட்டர். ருவாண்டாவின் கிகாலியில் ஒரு மருத்துவமனையில் ஆய்வு செய்தவர்கள் இந்த மூன்றும் அரிதான இடத்தில் என்ன செய்வது என்று யோசித்தார்கள். பீப் நிபந்தனையை எடுத்தார்கள். ரத்த வாயுப் பரிசோதனைக்குப் பதில், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் செறிவை, நோயாளி உள்ளிழுக்கும் ஆக்சிஜன் விகிதத்தால் வகுத்து, 315 அல்லது அதற்குக் கீழே இருந்தால் போதும் என்றார்கள். எக்ஸ்ரேயோடு நுரையீரல் அல்ட்ராசவுண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். 2016-இல் வெளியான முடிவு இதுதான்: 1,046 உள்நோயாளிகளில் 42 பேருக்கு ஏ.ஆர்.டி.எஸ். இருந்தது, அவர்களில் பாதிப் பேர் இறந்தார்கள். பழைய பெர்லின் அளவுகோலை அப்படியே வைத்து எண்ணியிருந்தால் அந்த மருத்துவமனையில் ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை.

நோயாளி இருக்கிறார், மூச்சுத் திணறுகிறார், இறந்தும் போகிறார். கணக்கில் மட்டும் இல்லை. கருவி இல்லாத இடத்தில் வரையறையே நோயாளியை மறைத்துவிட்டது. பன்னாட்டுக் கூட்டு முயற்சி என்று சங்கங்கள் பேசும்போதெல்லாம் நான் முதலில் நினைப்பது இந்த 42 பேரைத்தான். பெர்லினுக்கு முன்பு புழக்கத்தில் இருந்த 1994-ஆம் ஆண்டு வரையறையின் பெயரே ‘அமெரிக்க–ஐரோப்பிய ஒருமித்த கருத்து மாநாடு’. மேசையைச் சுற்றி யார் இருந்தார்கள் என்பதை அந்தப் பெயர் நேர்மையாகவே சொல்லிவிட்டது.

பிறகு 32 நிபுணர்கள் கொண்ட குழு 2021 ஜூன் முதல் 2022 மார்ச் வரை ஆறு முறை கூடி, பல சங்கங்களின் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டு, புதிய உலகளாவிய வரையறையை உருவாக்கியது. 2023-இல் இணையத்தில் வெளியான அதில் கிகாலியின் வேலை உள்ளே வந்துவிட்டது. ஆக்சிமீட்டர் விகிதம் 315 ஏற்கப்பட்டது. ஆனால் செறிவு 97 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருக்கும்போது மட்டுமே, ஏனென்றால் அதற்கு மேல் அந்த விகிதம் நம்பத் தகுந்ததல்ல. அல்ட்ராசவுண்ட் ஏற்கப்பட்டது. நிமிடத்துக்கு 30 லிட்டர் அல்லது அதற்கு மேல் மூக்கு வழியாகச் செல்லும் உயர்வேக ஆக்சிஜனில் இருப்பவர்களும் சேர்க்கப்பட்டார்கள். வசதி குறைந்த இடங்களுக்கென்று தனிப் பிரிவே வைத்து, அங்கே பீப்போ குறிப்பிட்ட கருவியோ தேவையில்லை என்று எழுதினார்கள்.

இதே பாடத்தைக் குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கடுமையாகக் கற்க வேண்டியிருந்தது. ரத்த ஓட்டம் குன்றிய குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்றுவது என்பது பல காலம் கேள்வி கேட்கப்படாத பழக்கம். கென்யா, உகாண்டா, டான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் ஆய்வு 2011-இல் வெளியானபோது நிலைமை மாறியது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழுக்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.5, 10.6 சதவீதம். ஏற்றப்படாத குழுவில் 7.3 சதவீதம். 2017-இல் வெளியான சாம்பியா ஆய்விலும் அதே திசைதான்: செப்சிஸோடு ரத்த அழுத்தமும் குறைந்த பெரியவர்களில், விதிமுறைப்படி திரவமும் மருந்தும் விரைந்து தரப்பட்ட குழுவில் 48.1 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 33 சதவீதம். வென்டிலேட்டரும் தொடர் கண்காணிப்பும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் உருவான நெறிமுறையை அவை இல்லாத இடத்தில் அப்படியே நட்டால் அது வேறு மரமாக வளர்கிறது.

குழந்தைகளுக்கான 2020-ஆம் ஆண்டு செப்சிஸ் வழிகாட்டுதல் இதற்குக் கொடுத்த விடை, ஒரே பரிந்துரையை இரண்டாகப் பிரிப்பது. தீவிர சிகிச்சை வசதி உள்ள இடத்தில் முதல் ஒரு மணி நேரத்தில், எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 40 முதல் 60 மி.லி. வரை, சிறிது சிறிதாக, குழந்தையின் நிலையைப் பார்த்துப் பார்த்து ஏற்றலாம். அந்த வசதி இல்லாத இடத்தில், ரத்த அழுத்தம் குறையாத குழந்தைக்கு வேகத் திரவம் வேண்டாம். ரத்த அழுத்தம் குறைந்திருந்தால் கிலோவுக்கு 40 மி.லி. வரை. இப்படி எழுதுவது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ‘ஒரே உலகம், ஒரே தரம்’ என்ற ஆசை அவர்களுக்கு. ஆசையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆய்வு முடிவு கையில் இருக்கும்போது குழந்தைகளைப் பணயம் வைத்து அந்த ஆசையைக் காப்பாற்றக் கூடாது.

ஃபீனிக்ஸ் அளவுகோல் இன்னும் ஒரு படி மேலே போனது. அமெரிக்கா, கொலம்பியா, வங்கதேசம், சீனா, கென்யா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் இருந்து 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வருகைப் பதிவுகளை எடுத்து அதை உருவாக்கினார்கள். நோய்த்தொற்று சந்தேகத்தோடு ஸ்கோர் 2 அல்லது அதற்கு மேல் இருந்த குழந்தைகளில் வசதி மிகுந்த இடங்களில் 7.1 சதவீதமும், குறைந்த இடங்களில் 28.5 சதவீதமும் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். இரண்டு எண்களும் ஒரே கட்டுரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மேசையில் எல்லோரும் இருந்ததால்தான் அது முடிந்தது.

குழு அமைப்பதில் எங்கே சறுக்கும்

சங்கங்கள் சேர்ந்து வழிகாட்டுதல் எழுதும்போது செய்யும் முதல் தவறு, வசதி குறைந்த நாட்டு மருத்துவர்களை வாக்கெடுப்புக் கட்டத்தில் அழைப்பது. வீடு கட்டி முடித்த பிறகு வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்பது போன்றது அது. கேள்விகள் எழுதப்படும் நாளிலேயே அவர்கள் இருக்க வேண்டும். யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவுக்காக என்ற நான்கு கூறுகளில் ‘எதோடு ஒப்பிட்டு’ என்பதில்தான் உண்மையான வேறுபாடு ஒளிந்திருக்கும். ஓரிடத்தில் மாற்றுச் சிகிச்சை வென்டிலேட்டர். இன்னோரிடத்தில் மாற்றுச் சிகிச்சை வெறும் ஆக்சிஜன் குழாய். கேள்வி தவறாக எழுதப்பட்டால் பிறகு எவ்வளவு கச்சிதமாகச் சான்றுகளைத் தொகுத்தாலும் விடை அந்த ஊருக்கு உதவாது. வழிகாட்டுதல் எழுதுபவர்கள் சான்றுகளை மதிப்பிடப் பயன்படுத்தும் கிரேடு முறையில் சான்றின் தரத்தோடு செலவு, சமத்துவம், நடைமுறைச் சாத்தியம் ஆகியவற்றையும் எடைபோடும் அட்டவணை இருக்கிறது. பல குழுக்கள் அதை ஒப்புக்கு நிரப்புகின்றன. அதை நிரப்பும் பொறுப்பை அந்தச் சூழலில் வேலை செய்பவரிடம் கொடுத்தால் தாளே வேறு மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது வாக்குக் கணக்கு. டெல்ஃபி முறையில் பெயர் தெரியாமல் சுற்றுச் சுற்றாக வாக்களித்து ஒருமித்த கருத்தை எட்டுவார்கள். எத்தனை சதவீதம் வந்தால் ஒப்புதல் என்பதை முதல் சுற்றுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த எண்ணால் வகுப்பது என்பதைப் பலர் எழுதி வைப்பதில்லை. 30 பேர் குழு. 24 பேர் வாக்களித்தார்கள். 18 பேர் ஆதரவு. வாக்களித்தவர்களில் அது 75 சதவீதம், குழுவில் 60 சதவீதம். எல்லை 70 என்றால் ஒரு கணக்கில் பரிந்துரை நிற்கிறது, மற்றொன்றில் விழுகிறது. வாக்களிக்காத அந்த ஆறு பேர் யார் என்று பார்த்தால், கூட்டம் தங்கள் நள்ளிரவில் நடந்தவர்களாகவோ இணையம் அறுந்தவர்களாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் நேரலைக் கூட்டத்தில் வாக்கெடுப்பை முடிக்காமல், விவாதத்தின் பதிவை அனுப்பி, 72 மணி நேரம் இணையவழி வாக்குப் பெட்டியைத் திறந்து வைப்பது நல்லது. இன்னொன்று: இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ஒரு சொல்லை மாற்றினாலும் அது புதிய வாசகம்தான். பழைய வாக்கை அதன்மேல் ஏற்றக் கூடாது.

வரைவு முடிந்த பிறகு ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் தனித்தனியே படித்து ஒப்புதல் தரும். ஒரு சங்கம் கேட்ட திருத்தத்தை மற்றொரு சங்கம் மறுக்கும். இதற்கான வாரங்களை முதல் நாள் அட்டவணையிலேயே ஒதுக்காவிட்டால், மாநாட்டு மேடையில் அறிவிக்கும் தேதி நெருங்கும்போது கடைசித் திருத்தங்கள் யாரும் கவனிக்காமல் உள்ளே போய்விடும். சங்கங்கள் இணைந்து எழுதியதை இரு சங்கங்களின் இதழ்களிலும் ஒரே நாளில் வெளியிடும் வழக்கமும் உண்டு. பெரியவர்களுக்கான செப்சிஸ் வழிகாட்டுதல் அப்படித்தான் வருகிறது. இரு அச்சுப் பிரதிகளிலும் ஒவ்வொரு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டே ஆக வேண்டும்.

ஒரே எண், இரண்டு மருந்தளவு

அலகுகள் பற்றிப் பேசினால் பலருக்கு அலுப்பு. ஆனால் பன்னாட்டு அமர்வுகளில் மிக அதிகமாகக் குழப்பம் விளைவது இங்கேதான். ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 8 என்று ஒரு ஸ்லைடில் இருந்தால் பாதிக் கூட்டம் பதறும். அது கிலோபாஸ்கல், மி.மீ. பாதரசத்தில் சொன்னால் 60. சர்க்கரை லிட்டருக்கு 10 மில்லிமோல் என்றால் டெசிலிட்டருக்கு 180 மி.கி. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 1 மி.கி. என்றால் லிட்டருக்கு 88.4 மைக்ரோமோல். ஒருவர் அட்ரினலின் என்பதை இன்னொருவர் எபிநெஃப்ரின் என்பார். பாராசிட்டமால் இன்னோரிடத்தில் அசிட்டமினோஃபென். பேச்சாளர்களுக்கு அனுப்பும் ஸ்லைடு மாதிரியிலேயே இரு அலகுகளும் இரு பெயர்களும் கட்டாயம் என்று போட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

மீதிச் சிக்கல் அலகில்கூடத் தெரியாது. நார்அட்ரினலினை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் முதல் மருந்து; உலகெங்கும் ஒரே மருந்து; கிலோவுக்கு நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற ஒரே அலகு. ஆனால் குப்பியில் இருப்பது உப்பு வடிவம். சில நாடுகளில் லேபிள் அந்த உப்பின் எடையைச் சொல்லும், சில நாடுகளில் அதிலுள்ள மூல மருந்தின் எடையைச் சொல்லும். 2 மி.கி. டார்ட்ரேட் உப்பில் மூல மருந்து ஏறத்தாழ 1 மி.கி. தான். ஆக ஒரு நாட்டின் 0.5, இன்னொரு நாட்டின் 0.25.

2021 செப்சிஸ் வழிகாட்டுதல், நார்அட்ரினலின் 0.25 அல்லது அதற்கு மேல் குறைந்தது நான்கு மணி நேரம் தேவைப்பட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கலாம் என்கிறது. உப்பு எடையில் எழுதும் மருத்துவமனையில் மருந்து செலுத்தும் பம்ப் 0.25 காட்டும்போது நோயாளிக்கு உண்மையில் போவது 0.125. அங்கே நார்அட்ரினலின் பாதி அளவை எட்டும்போதே ஸ்டீராய்டு தொடங்கிவிடும். பல நாட்டு மருத்துவமனைகளைச் சேர்த்துச் செய்யும் ஆய்வில் ‘கடுமையான அதிர்ச்சி நிலை’ (ரத்த ஓட்டம் சரியும் ‘ஷாக்’) என்று ஒரே பெட்டியில் போடப்பட்டவர்கள் இரு வேறு நோய்நிலையில் இருப்பவர்களாக இருப்பார்கள். அமெரிக்க, ஐரோப்பிய சங்கங்களின் கூட்டுக் குழு 2024-இல் இதற்கென்றே ஒரு நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டு, மூல மருந்தின் எடையிலேயே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டது. கைதட்டல் வாங்கும் வேலை அல்ல இது. ஆனால் இரு சங்கங்கள் சேர்ந்து உட்கார்ந்தால் மட்டுமே முடியும் வேலை.

அரங்கும் திரையும்

2020-க்குப் பிறகு பல மாநாடுகள் பாதி அரங்கிலும் பாதி திரையிலும் நடக்கின்றன. இரண்டையும் ஒரே நிகழ்ச்சியாக நடத்துவது சுலபம் என்ற நினைப்பில்தான் பல அமர்வுகள் கெட்டுப்போகின்றன.

நேரத்தில் தொடங்குவோம். உலகப் பொது நேரம் மதியம் 12 மணி என்பது நைரோபியில் பிற்பகல் 3, டோக்கியோவில் இரவு 9, குளிர்கால நியூயார்க்கில் காலை 7, லாஸ் ஏஞ்சலிஸில் விடியற்காலை 4. எல்லோருக்கும் வசதியான நேரம் என்று ஒன்று கிடையாது. ஆகவே தொடர் கூட்டங்களில் சிரமத்தைச் சுழற்சியில் பகிர்ந்துகொள்வதுதான் நியாயம். மார்ச் மாதத்தில் இன்னொரு பொறி உண்டு: அமெரிக்காவில் கடிகாரத்தை இரண்டாவது ஞாயிறன்று முன்னே தள்ளுவார்கள், ஐரோப்பாவில் கடைசி ஞாயிறன்று. நடுவே உள்ள இரண்டு மூன்று வாரங்களில் வழக்கமான வித்தியாசம் ஒரு மணி நேரம் மாறியிருக்கும். அழைப்பில் உள்ளூர் நேரத்தோடு உலகப் பொது நேரத்தையும் போடுங்கள்.

படம் மங்கினால் கூட்டம் பொறுத்துக்கொள்ளும், ஒலி கெட்டால் எழுந்து போய்விடும். தொலைவிலிருந்து பேசுபவருக்குத் தன் குரலே ஒரு நொடி தாமதமாகத் திரும்பி வந்தால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் யாராலும் பேச முடியாது. அரங்க ஒலியை அவருக்கு அனுப்பும்போது அவருடைய குரலை மட்டும் கழித்துவிட்டு அனுப்ப வேண்டும். ஒலிக்காரர்கள் இதை ‘மிக்ஸ் மைனஸ்’ என்பார்கள். அரங்க ஏற்பாட்டாளரோடு பேசும் முதல் கூட்டத்திலேயே இதைக் கேளுங்கள். பேச்சாளர் அன்று பயன்படுத்தப்போகும் அதே கணினி, அதே இணைப்பு, அதே ஹெட்செட்டோடு 15 நிமிட ஒத்திகை வையுங்கள். பேச்சின் பதிவு ஒன்றும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும்.

கேள்வி நேரம் வந்தால் மைக் முன்னால் நிற்பவருக்கே முதலிடம் போகும். திரையில் வந்த கேள்விகளை அரங்க மைக்கில் நின்று படிப்பதற்கென்றே ஒருவரை நியமித்து, அரங்கில் ஒன்று, திரையில் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். மைக் இல்லாமல் கேட்ட கேள்வியை அமர்வுத் தலைவர் திரும்பச் சொல்லட்டும். சொல்லாவிட்டால் திரையில் இருப்பவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அது போய்ச் சேராது.

உடனடி மொழிபெயர்ப்பு வைக்கிறீர்கள் என்றால் ஒரு சாவடிக்கு இருவர் தேவை. 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஸ்லைடுகளும் மருந்துப் பெயர், சுருக்கெழுத்துப் பட்டியலும் இரண்டு நாள் முன்பே அவர்கள் கையில் இருக்க வேண்டும். எழுதி வைத்ததை வேகமாகப் படிக்கும் பேச்சாளரை எந்தத் திறமைசாலியாலும் தொடர முடியாது.

ஸ்லைடில் உள்ள நோயாளிப் படங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. பவர்பாயின்டில் படத்தின் ஓரத்தை வெட்டினால் அந்த ஓரம் மறைகிறது, அழிவதில்லை. கோப்பைப் பெறும் எவரும் வெட்டியதை மீட்டு, அல்ட்ராசவுண்ட் திரையின் மேல் பட்டையில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் படித்துவிடலாம். ‘வெட்டிய பகுதிகளை நீக்கு’ என்ற கட்டளையை இயக்கிய பிறகே கோப்பை அனுப்புங்கள். அரங்கில் காட்ட நோயாளி தந்த சம்மதம், அந்தப் பதிவு இணையத்தில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதற்குத் தந்த சம்மதம் ஆகிவிடாது.

வந்து சேர்வதற்கு முன்

தொலைநாட்டு மருத்துவர் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் மாநாட்டு நாட்காட்டி. ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டது என்ற செய்தி மாநாட்டுக்கு எட்டு வாரம் முன்பு போனால் விசா நேர்காணலுக்கே இடம் கிடைக்காது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவுகளைக் குறைந்தது ஐந்து மாதம் முன்பே அறிவிக்கும்படி எல்லாத் தேதிகளையும் பின்னோக்கி எண்ணி வைப்பதுதான் வழி. அழைப்புக் கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாதவர்களைப் பதிவுப் படிவம் திருப்பி அனுப்பாதபடி அந்தக் கட்டத்தைக் கட்டாயமற்றதாக வையுங்கள். யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள் என்பதும் கடிதத்தில் வர வேண்டும்.

பயண உதவித்தொகையை ‘செலவழித்து விட்டு ரசீது அனுப்புங்கள்’ என்று தருவது, கையில் பணம் உள்ளவருக்கு மட்டுமே உதவும். டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் சங்கமே நேரடியாக வாங்கித் தர வேண்டும். 2018 ஜனவரி 1 முதல், ஐரோப்பிய மருத்துவக் கருவி நிறுவனங்களின் சங்கமான மெட்டெக் யூரோப் அமைப்பின் உறுப்பு நிறுவனங்கள் தனித்தனி மருத்துவர்களின் மாநாட்டுச் செலவை நேரடியாக ஏற்பதை நிறுத்திவிட்டன. இப்போது அந்தப் பணம் கல்வி மானியமாக அமைப்புகளுக்கு வருகிறது, யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது வாங்கும் அமைப்பின் பொறுப்பு. நல்ல மாற்றம் இது. ஆனால் தேர்வு விதிகளை வெளிப்படையாக எழுதாத சங்கத்தில் பழைய வேலையைப் புதிய கை செய்கிறது, அவ்வளவுதான்.

மாநாடு முடிந்ததும் பதிவுகளை ஏற்றுவார்கள். தானியங்கி வசன வரிகள் மருந்துப் பெயர்களில்தான் அதிகம் தடுமாறும். குறைந்தபட்சம் மருந்தளவு வரும் இடங்களையாவது ஒரு மருத்துவர் படித்துத் திருத்த வேண்டும். அதைவிட முக்கியமான இன்னொன்றைப் பல சங்கங்கள் தூக்கி எறிந்துவிடுகின்றன: நேரம் போதாமல் விடுபட்ட கேள்விகள். “எங்களிடம் லாக்டேட் பரிசோதனை இல்லை, வேறு எதைப் பார்ப்பது?” “இரவில் ஒரு செவிலியருக்கு இருபது நோயாளிகள், மணிக்கொரு முறை அளவு எடுப்பது எப்படி?” திரையின் ஓரத்தில் ஓடி மறையும் இந்த வரிகளை நாடு, மருத்துவமனை வகை, அமர்வு என்று பிரித்துச் சேமித்து, அடுத்த பதிப்புக்கான கேள்விகளை எழுதும் குழுவிடம் முதல் கூட்டத்துக்கு முன்பே கொடுங்கள். எழுதியவர்களில் நான்கைந்து பேரையாவது அந்தக் குழுவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.